முற்றல் கறிக்குச் சிறுதீ: வாசகர் கேள்வி–பதில்

ஷின், கழுத்து, நெஞ்சு போன்ற விலை குறைந்த மாட்டுக்கறியை வீட்டில் பதமாக வேகவைப்பதில் என்ன சிக்கல் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். டர்பன் பக்கத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஷின் கறியை ஒரு மணி நேரம் வேகவைத்தேன், ரப்பர் மாதிரி இருந்தது. இன்னும் தண்ணீர் ஊற்றித் தீயைக் கூட்டி அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். இப்போது நார் நாராக, வறண்டு போய்விட்டது. கறியே சரியில்லையா? (சாட்ஸ்வொர்த் வாசகி)

கறியில் குறை இல்லை அம்மா. பாதி வழியில் பொறுமை போய்த் தீயைக் கூட்டியதுதான் குறை. மலிவுக் கறியோடு மல்லுக்கட்டும் முக்கால்வாசிப் பேருக்கு நடப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஷின் என்பது மாட்டின் கால் தசை. நாள் முழுக்க உடம்பைத் தாங்கி நடந்த தசை என்பதால், அதன் ஊடே கொலாஜன் என்ற வெள்ளைச் சவ்வு கயிறு கயிறாக ஓடும். கறியின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்தச் சவ்வு சுருங்கும். சுருங்கி, தசையைப் பிழிந்து சாற்றை வெளியேற்றும். உங்கள் ஒரு மணி நேரக் கறி அந்த இடத்தில்தான் நின்றது. சாறு போய்விட்டது, சவ்வு இன்னும் கரையவில்லை. கறி அதன் மொத்தப் பயணத்திலேயே மிகக் கெட்டியாக இருக்கும் கட்டம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் நல்லது நடக்கும். 70 டிகிரிக்கு மேல் சவ்வு மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறத் தொடங்கும். 85 முதல் 95 டிகிரிக்குள் அந்த மாற்றம் நன்றாக நடக்கும். ஆனால் உடனே நடக்காது, மணிக்கணக்கில் ஆகும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சவ்வு கொஞ்சம் சீக்கிரம் கரையலாம். ஆனால் தசை நார்கள் அதைவிட வேகமாக இறுகி, கொதியில் ஒன்றோடொன்று மோதிப் பிரிந்துவிடும். நீங்கள் கண்ட நார்க்கறி அப்படி வந்ததுதான்.

அடுத்த முறை சட்டிக்குள் கவனித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கறித்துண்டு சுருங்கி, ஓரச் சவ்வு சுண்ணாம்பு வெள்ளையாக விறைத்து வளைந்திருக்கும். இரண்டு மணி நேரத்தில் அந்த வெள்ளை ஓரத்தில் கண்ணாடி போல மங்கலான தெளிவு தெரியும். மூன்று மணி நேரத்துக்குள் சவ்வு நுங்கு போலத் தளும்பும், குழம்பு விரல்களுக்கு நடுவே பிசுபிசுவென்று ஒட்டும். அப்போது ஒரு முள்கரண்டியைக் குத்தித் திருகுங்கள். துண்டு எதிர்க்காமல் பிளந்தால் இறக்கலாம். தூக்கிக்கொண்டு கூடவே வந்தால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள். கடிகாரத்தைவிட முள்கரண்டியை நம்புங்கள்.

துண்டுகளை 4 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெட்டுங்கள். சின்னதாக வெட்டினால் சீக்கிரம் வேகும் என்று நினைத்து 2 சென்டிமீட்டரில் வெட்டினால், சவ்வு கரையும் முன்பே தசை உதிர்ந்துவிடும். வெளிப்புறத்தில் காய்ந்து தடித்த தோல் போன்ற சவ்வு இருந்தால் அதை மட்டும் சீவுங்கள். உள்ளே ஓடும் வெள்ளைக் கோடுகளை எடுக்கவே கூடாது, குழம்புக்குக் கனம் தருவதே அவைதான்.

தீயின் அளவு: குழம்பின் மேல் ஒரே ஓரத்தில் விநாடிக்கு ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். சிறிய பர்னரின் மிகக் குறைந்த தீயும் அதிகமாகப் பட்டால், பழைய தோசைக்கல்லை அடுப்பில் வைத்து அதன்மேல் சட்டியை வையுங்கள். இரும்புத் தட்டு மின்னடுப்பு என்றால் திருகியை 1 அல்லது 2இல் வையுங்கள். இல்லையென்றால் ஓவனில் 150 டிகிரியில், மூடி இறுக்கமாக உள்ள கனத்த சட்டியில் வையுங்கள். அடி பிடிக்காமல் வேக அதைவிடச் சுலபமான வழி இல்லை.

இந்தச் சிறுதீயில் எங்கள் கணக்கு: சக் (தோள்பட்டைக் கறி) இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், ஷின்னும் எலும்போடு கழுத்தும் மூன்று மணி நேரம், வால் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். மாட்டுக்கால் பாயாவுக்கு ஐந்து மணி நேரம் வரை ஒதுக்குங்கள்.

டர்பனில் அக்கா வீட்டில் மூன்று மணி நேரத்தில் வேகும் கறி, அதே செய்முறையில் என் வீட்டில் நாலு மணி நேரம் எடுக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்? (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

ஒரு தப்பும் இல்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், கடற்கரை டர்பனில் 100. எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே டர்பன் செய்முறை எதுவானாலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பருப்புக்கும் பீன்ஸுக்கும் இதே கதைதான். அவசரமென்றால் பிரஷர் குக்கரே வழி.

கசாப்புக் கடையில் எதைக் கேட்டு வாங்குவது? ‘ஸ்ட்யூயிங் பீஃப்’ பாக்கெட் வாங்கினால் பாதித் துண்டு குழைகிறது, பாதி கல்லாக இருக்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்தப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் பல பாகங்களின் வெட்டுத் துண்டுகள் கலந்திருக்கும். சக் துண்டு இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும், பக்கத்தில் கிடக்கும் ஷின் துண்டுக்கு மூன்று வேண்டும். எந்தத் தீ வைத்தாலும் இரண்டும் ஒன்றாகப் பதம் வராது. ஒரே பாகத்தை முழுத் துண்டாக வாங்கி வீட்டில் நீங்களே வெட்டுங்கள்.

குழம்புக்கு எங்கள் முதல் தேர்வு ஷின். இரண்டாவது எலும்போடு கழுத்து. கழுத்து வாங்கினால் அதில் மஞ்சளாக, ரப்பர் பட்டை போல ஒரு நாண் ஓடுகிறதா பாருங்கள். அது கொலாஜன் இல்லை, எலாஸ்டின். நாள் முழுக்க வேகவைத்தாலும் கரையாது, கத்தியால் எடுத்து எறியுங்கள். நெஞ்சுக்கறி, அதாவது பிரிஸ்கெட், கொழுப்பு கூடியது. துண்டு போடாமல் முழுதாக ஓவனில் வைத்து அறுத்துப் பரிமாற ஏற்றது. சில்வர்சைட், டாப்சைட் என்ற பின்தொடைக் கறி இரண்டையும் நீண்ட நேரக் குழம்புக்கு வாங்காதீர்கள். அவற்றில் சவ்வும் குறைவு, கொழுப்பும் குறைவு. மூன்று மணி நேரத்தில் மரத்தூளாகிவிடும். அவை பில்டாங் என்ற உப்புக்கண்டத்துக்குப் போகட்டும். வால் ஒரு காலத்தில் மலிவு. இன்று பல கடைகளில் நல்ல ஸ்டேக் விலைக்கு வந்துவிட்டது, அதே பிசுபிசுப்பை எலும்போடு வெட்டிய ஷின் தரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் அறுத்த மாட்டின் உடல் மேல் உருளை முத்திரையால் வயது வகையை அச்சிடுவார்கள். நிலையான பல் ஒன்றும் முளைக்காத இளமாடு ஏ, ஊதா நிறம். ஒன்றிரண்டு பல் என்றால் ஏபி, பச்சை. மூன்று முதல் ஆறு வரை பி, பழுப்பு. அதற்கு மேல் சி, சிவப்பு. மை சாப்பிடக் கூடியதுதான், கொழுப்பின் மேல் ஊதாக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். இது தரத்துக்கு மார்க் போடுவதல்ல, வயதைச் சொல்வது. வயதான மாட்டில் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னியிருக்கும். சி வகை ஷின்னுக்கு மேலே சொன்ன நேரத்தோடு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சேர்க்க வேண்டும். ஆனால் ருசி ஆழமாக இருக்கும். நேரம் இருப்பவர்கள் கசாப்புக்காரரிடம் பி, சி என்று தைரியமாகக் கேட்டு வாங்குங்கள், காசும் மிச்சம். பாக்கெட்டில் போட்ட துண்டில் முத்திரை தெரியாது, அதனால் கேட்டால்தான் உண்டு.

ஸ்லோ குக்கரில் கறிக் குழம்பு வைத்தால் தண்ணீராக இருக்கிறது. மசாலா பச்சை வாசம் அடிக்கிறது. உருளைக்கிழங்கு எட்டு மணி நேரம் கழித்தும் கடினமாக இருக்கிறது! (பீனிக்ஸ்)

மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. ஸ்லோ குக்கர் என்பது மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்சட்டி. அதில் ஆவி வெளியே போகாது, மூடியில் பட்டு மறுபடி சட்டியில் விழும். கறியும் தக்காளியும் வெங்காயமும் விடும் தண்ணீர் அப்படியே தங்கும். அதன் சூடு எண்ணெயில் வதக்கும் சூட்டுக்கு ஏறவே ஏறாது, ஆகவே பச்சை மசாலாவைப் போட்டால் பச்சையாகவே இருக்கும். கிழங்கோ தக்காளியின் புளிப்பில், மெதுவாக ஏறும் சூட்டில் இறுகிவிடும்.

எனவே குழம்பை முதலில் அடுப்பில் தொடங்குங்கள். 1.2 கிலோ எலும்பில்லா ஷின்னுக்கு அளவு இது. நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு பட்டை, ஒரு தேக்கரண்டி சோம்பு, இரண்டு பிரிஞ்சி இலை, ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை. பொரிந்ததும் நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம். ஓரம் சிவக்கும் வரை, சுமார் 12 நிமிடம் வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, ஒரு நிமிடம். இப்போது தீயைக் குறைத்து, டர்பன் மசாலாத் தூள் (மிளகாய்த்தூள் சேர்ந்த கலவை) மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, மல்லித்தூளும் சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி. கூடவே இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். மிளகாய்த்தூள் சூடான எண்ணெயில் சில விநாடிகளில் கருகிக் கசந்துவிடும், அந்தத் தண்ணீர்தான் அதற்குக் காவல்.

கறியை ஈரம் போகத் துணியால் ஒற்றி உள்ளே போட்டு, உப்பு இரண்டு தேக்கரண்டி சேர்த்துப் புரட்டி மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். 15 நிமிடத்தில் கறி தன் தண்ணீரைத் தானே விடும். பிறகு மூடியைத் திறந்து, அந்தத் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து, சட்டி சளசளப்பை விட்டுச் சடசடக்கும் வரை கிளறுங்கள். கறியைத் தனியாகப் பொன்னிறமாக வறுத்துவிட்டுச் சேர்க்கும் முறையும் உண்டு. அது ஸ்ட்யூவுக்கு அழகு. நம் குழம்புக்கு மசாலாவோடு சேர்த்து இப்படிச் சுண்டவைப்பதே பொருத்தம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. கடைசியாகத் துருவிய தக்காளி இரண்டு, ஐந்து நிமிடம். அரைக் கோப்பைக் கொதிநீர் ஊற்றி ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். ‘லோ’வில் எட்டு மணி நேரம் அல்லது ‘ஹை’யில் நாலரை முதல் ஐந்து மணி நேரம். சாதாரணச் சட்டியில் வைப்பவர்கள் மூன்று கோப்பைக் கொதிநீர் ஊற்றிச் சிறுதீயில் மூன்று மணி நேரம் வையுங்கள்.

கிழங்கை, நான்காக வெட்டி, வேறு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, கடைசி முக்கால் மணி நேரத்துக்கு மட்டும் குழம்பில் சேர்க்கவும். பன்னி சௌவுக்கு, அதாவது குடைந்த ரொட்டிக்குள் ஊற்றும் குழம்புக்கு என்றால் இரண்டு கிழங்கை மசித்துக் கலந்துவிடுங்கள். ரொட்டி ஊறிக் கிழியாமல் குழம்பு நிற்கும்.

ஸ்லோ குக்கரின் மூடியை நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள். இழந்த சூட்டை மீட்க அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். உறைந்த கறியை அப்படியே போடுவதும் கூடாது. நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பிலேயே கிடந்து கிருமி பெருகும்.

இரவு முழுக்க ஸ்லோ குக்கரில் ஷின்னோடு சுகர் பீன்ஸ் போட்டுவைத்தேன். சாப்பிட்ட எல்லோருக்கும் வாந்தி. கறி கெட்டிருந்ததா? (டொங்காட்)

உங்கள் கறியைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பீன்ஸை முதலில் கொதிக்கவைக்காமல் போட்டிருந்தால் சந்தேகம் பீன்ஸ் மேல்தான். சிவப்புக் கிட்னி பீன்ஸில் மிக அதிகமாகவும், அதே இனமான சுகர் பீன்ஸில் குறைவாகவும் ஒரு லெக்டின் நச்சு இருக்கிறது. சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. வழக்கமாகச் சில மணி நேரத்தில் தானாக அடங்கும். கொதிநீரில்தான் அந்த நச்சு அழியும். ஸ்லோ குக்கரின் 80 டிகிரிச் சூட்டில் அழியாது. அரைவேக்காட்டில் பச்சை பீன்ஸைவிட நச்சுத் தன்மை கூடவும் செய்யலாம்.

செய்ய வேண்டியது: எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம், எங்கள் ஆலோசனை முப்பது நிமிடம், கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் பிறகு குக்கரில் போடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் சிறுதீ வேண்டாம், பெருந்தீயே வேண்டும். தக்காளி சேர்க்கும் முன் பீன்ஸ் மிருதுவாகியிருக்க வேண்டும், புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும். டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது, அதில் இந்தக் கவலை இல்லை.

மின்வெட்டு நேரத்தில் வெப்பப் பையில் வைத்துச் சமைக்கலாம் என்கிறார்கள். மாட்டுக்கறி அதில் வேகுமா? (வெருலம்)

வேகும், கணக்காகச் செய்தால். வைக்கோல் பெட்டிக்குள் கொதிக்கும் சட்டியைப் புதைத்துச் சமைப்பது பழைய வழக்கம். அதையே துணிப்பையாக்கி 2008இல் சாரா காலின்ஸ் இங்கே வொண்டர்பேக் என்று கொண்டுவந்தார். பை சூடேற்றாது, இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காக்கும், அவ்வளவுதான். எனவே உள்ளே போகும்போது எவ்வளவு சூடு என்பதுதான் எல்லாமே.

சட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். கால் சட்டிக் குழம்பு ஒரு மணி நேரத்தில் ஆறிப்போகும். மேலே சொன்னபடி வதக்கி, கொதிநீர் ஊற்றியபின் மூடி போட்டு முப்பது நிமிடம் கொதிக்கவிடுங்கள். துண்டின் நடுப்பகுதி வரை சூடேற அந்த நேரம் வேண்டும். தீயை அணைத்ததும் மூடியைத் திறக்காமலேயே பைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்து, மறுபடி பத்து நிமிடம் கொதிக்கவைத்து, இன்னும் இரண்டு மணி நேரம் பையில். ஏ வகை ஷின் இதில் பதமாகிவிடும். சி வகைக்கு மூன்றாவது கொதியும் தேவைப்படலாம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள், 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சட்டியை அப்படியே வைக்கக் கூடாது. இரவு கட்டிவைத்துக் காலையில் திறப்பது மாட்டுக்கறிக்கு ஆகாது. பை வாங்க வசதி இல்லையென்றால் அட்டைப் பெட்டியும் இரண்டு கம்பளியும் போதும். கம்பளியைச் சட்டியின் அடியிலும் போட மறக்காதீர்கள்.

பிரஷர் குக்கரில் எத்தனை விசில்? (மெர்பேங்க்)

விசிலை எண்ணாதீர்கள், ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் கூவும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுங்கள். 4 சென்டிமீட்டர் ஷின் துண்டுக்கு 45 நிமிடம், முற்றல் என்றால் 60. உள்ளே சூடு 120 டிகிரி வரை போவதால்தான் இத்தனை சீக்கிரம். அணைத்ததும் விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் திடீரென்று இறங்கினால் கறிக்குள் இருக்கும் சாறே கொதித்து நாரைப் பிய்த்துவிடும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும், இருபது நிமிடம். பிறகு திறந்து, கிழங்கு போட்டு, மூடாமல் கால் மணி நேரம் சுண்டவையுங்கள்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை. இந்த முறை ஆட்டுக்கறிக்கு ஒத்து வருமா? (சாட்ஸ்வொர்த்)

நன்றாக ஒத்து வரும். ஆட்டின் கழுத்தும் முன்னங்காலும் இதே போலத்தான், சிறுதீயில் இரண்டு மணி நேரம் போதும். கிடா என்றால் இரண்டரை. வயது முத்திரை ஆடுகளுக்கும் உண்டு.

மிஞ்சிய குழம்பை இரவு அடுப்பிலேயே மூடிவைத்துக் காலையில் சூடாக்கலாமா? மறுநாள்தானே ருசி? (பீனிக்ஸ்)

மறுநாள் ருசி உண்மை, ஆனால் அடுப்பில் வைத்து அல்ல. கொதியில் சாகாத பாக்டீரிய வித்துகள் உண்டு. பெரிய சட்டி ஆற இரவெல்லாம் ஆகும், டர்பன் கோடை இரவில் இன்னும் மோசம். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவே குழம்பு கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவை பெருகும்.

குழம்பை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தட்டைப் பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தொட்டியில் அரை மணி நேரம் நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். காலையில் மேலே ஆரஞ்சு நிறக் கொழுப்பு தகடாக உறைந்திருக்கும், கீழே குழம்பு ஜெல்லியாக ஆடும். கொழுப்பை எடுத்துவிட்டு ஒரு கரண்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வெங்காயம் வதக்க அதைவிடச் சிறந்த எண்ணெய் இல்லை. சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, கால் கோப்பைத் தண்ணீர் விட்டு, சிறுதீயில் ஜெல்லி இளகியபின் ஒரு கொதி முழுவதும் வரவிடுங்கள். இரண்டாம் முறை சூடாக்கியதை மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.